ஒவ்வோர் எழுத்தாகத் திறக்கும் பூட்டு

கணினிப் பூட்டை உடைக்கும் காட்சிக்குச் சினிமாவில் ஒரு வாய்பாடு இருக்கிறது. கறுப்புத் திரையில் பத்துக் கட்டங்கள். பத்திலும் எழுத்துக்களும் இலக்கங்களும் கடகடவென்று உருண்டுகொண்டிருக்கும். திடீரென்று ஒரு கட்டம் மட்டும் நின்று ஒளிரும். ஓர் எழுத்து பிடிபட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. பின்னணி இசை ஏறும், எல்லோருக்கும் வியர்க்கும், கடைசிக் கட்டம் நிற்பதற்குள் உலகத்தைக் காப்பாற்றியாக வேண்டும்.

1983இல் வந்த 'வோர் கேம்ஸ்' படத்தின் உச்சக்கட்டம் இப்படித்தான் போகும். அமெரிக்காவின் அணு ஏவுகணைகளைக் கையில் வைத்திருக்கும் கணினி ஒன்று, அவற்றைத் தானே ஏவப் புறப்பட்டு, அதற்குரிய பத்து எழுத்துக் குறியீட்டைத் தேடும். ஒன்றொன்றாகக் கண்டுபிடித்துத் திரையில் நிறுத்தும். அதற்குப் பிறகு எத்தனையோ விண்வெளிப் படங்களிலும் ரோபோ படங்களிலும் அதே காட்சியை வேறு நிறத்தில் பார்த்தாயிற்று.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற என் மருமகன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, உண்மையா இப்படி ஒண்டொண்டாப் பிடிபடுமா?" என்று கேட்டான். ஒழுங்காகச் செய்த பூட்டு என்றால் பிடிபடாது. ஆனால் ஒழுங்கில்லாமல் செய்த பூட்டுகள் நிறைய இருந்திருக்கின்றன, இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் வீட்டு ரவுட்டரிலேயே இருக்கக்கூடும். பாஸ்வேர்ட் என்ற சங்கதி எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள இந்த ஒரு கேள்வி போதும். அதனால் இதிலேயே கொஞ்சம் நிற்கலாம்.

மட்டக்களப்பு டவுனில் மலிவாக விற்கிற சைக்கிள் இலக்கப் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். டியூட்டரி வாசல்களில் பாதிச் சைக்கிள்களில் அதுதான் தொங்கும். நாலு சில்லு, ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. மொத்தம் 10,000 சேர்க்கைகள். ஒன்றைச் சோதிக்க இரண்டு செக்கன் என்று வைத்தால் எல்லாவற்றையும் முடிக்க ஐந்தரை மணித்தியாலம். வகுப்பு விடுவதற்குள் கள்ளனால் முடியாது. கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் மலிவுப் பூட்டில் ஒரு குறை இருக்கிறது. கேபிளை ஒரு கையால் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு சில்லுகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாக இருக்கும். உள்ளே இருக்கும் பற்கள் எல்லாம் ஒரே அளவில் வெட்டப்படாததால் இழுவை முழுவதும் முதலில் அந்த ஒன்றின்மேல்தான் விழுகிறது. அந்தச் சில்லைத் திருகிக்கொண்டே போனால், சரியான இலக்கத்தில் 'டிக்' என்று ஒரு தளர்வு. அது முடிந்தது; இப்போது வேறொரு சில்லு இறுகும். கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் மருமகனின் சைக்கிளிலேயே இதைச் செய்து பார்த்தோம். முதல் சில்லு பிடிபட்டதும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு. நாலாவதும் விழுந்து கேபிள் கையோடு வந்ததும் சிரிப்புப் போய்விட்டது. "மறுகா ஏன் மாமா இதைப் பூட்டுறது?" என்றான். நியாயமான கேள்வி. (மற்றவர்களின் சைக்கிளில் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம், விளக்கம் சொல்லி முடிவதற்குள் அடி விழும்.)

இங்கே என்ன நடந்தது? பூட்டு, "நாலும் சரியா, இல்லையா" என்ற ஒற்றைப் பதிலோடு நின்றிருந்தால் 10×10×10×10 சோதனைகள் தேவை. ஒவ்வொரு சில்லும் தன் பங்குக்குத் தனியாகப் பதில் சொன்னதால் 10+10+10+10 போதும். பத்தாயிரம் நாற்பதாகிவிட்டது. பெருக்கல் கூட்டலாக மாறிவிடுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு மாற்றத்தைப் பற்றித்தான்.

இதே கணக்கை அந்தப் படத்துக்குப் போடுவோம். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, இலக்கம் 10. ஒரு கட்டத்தில் 36 சாத்தியம். கட்டங்கள் பத்து. ஒவ்வொன்றாகப் பிடிபடும் என்றால் ஆகக்கூடியது 360 சோதனை. கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட வேண்டாம். பத்தும் ஒன்றாகச் சரியாக வந்தால்தான் திறக்கும் என்றால் 36ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். வருவது 3,656 இலட்சம் கோடிக்கும் மேல். செக்கனுக்குப் பத்து இலட்சம் வீதம் சோதித்தாலும் முழுவதையும் முடிக்க ஏறக்குறைய 116 ஆண்டுகள். 1983இல் தொடங்கியிருந்தால் அந்தக் கணினி இன்னும் உருட்டிக்கொண்டுதான் இருக்கும்.

படம் எடுத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தாலும் வேறு வழியில்லை. பார்வையாளனுக்கு முன்னேற்றம் கண்ணில் தெரிய வேண்டும். உள்ளதை உள்ளபடி எடுத்தால் இரண்டு மணித்தியாலமும் 'தவறு', 'தவறு', 'தவறு' என்று திரையில் ஓடும், கதாநாயகன் பக்கத்தில் இருந்து பிளேன்ரீ குடிப்பான். யார் காசு கொடுத்துப் பார்ப்பது?

படத்தை முழுசாகக் கேலி செய்யவும் முடியாது. அது வெளிவந்த ஜூன் மாதமே அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன் பார்த்தார். இப்படி யாராவது நமது இராணுவக் கணினிகளுக்குள் நுழைய முடியுமா என்று முப்படைத் தளபதிகளின் தலைவர் ஜோன் வெசியிடம் கேட்டார். ஒரு வாரத்தில் வந்த பதில், நீங்கள் நினைப்பதைவிட நிலைமை மோசம் என்பதுதான். 1984 செப்டெம்பரில், கணினிப் பாதுகாப்புக்கென்று ஜனாதிபதி உத்தரவு ஒன்று கையெழுத்தானது. ஒரு பொழுதுபோக்குப் படம் இவ்வளவு தூரம் போனது அபூர்வம்.

அதே 1983இல் வேறொன்றும் நடந்தது. கணினி விஞ்ஞானி பட்லர் லாம்ப்சன் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கணினி அமைப்புகளை எப்படி வடிவமைக்க வேண்டும் என்பது பற்றியது. அதில் அவர் எடுத்துக்காட்டிய ஒரு கோளாறு, படத்தில் வரும் காட்சிக்கு அசல் ஒத்தது. எழுத்தெழுத்தாகத் திறந்த பூட்டு ஒன்று உண்மையாகவே இருந்தது. அதன் பெயர் டெனெக்ஸ்.

டெனெக்ஸ் என்பது எழுபதுகளில் பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் ஓடிய இயக்குதளம். ஒரு கணினியைப் பலர் பங்கிட்டுப் பாவித்த காலம், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். வடிவமைத்தவர்கள் கவனமானவர்கள்தான். பிழையான பாஸ்வேர்டைக் கொடுத்தால் மூன்று செக்கன் காக்கவைத்துவிட்டுத்தான் 'தவறு' என்று சொல்லும். வேகமாக ஊகித்துக்கொண்டு போக முடியாது. ஆனால் உள்ளே ஒப்பிடும்போது, முதல் எழுத்து சரியா, சரி, இரண்டாவது சரியா என்று வரிசையாகப் போய், பிழையான எழுத்தைக் கண்டவுடன் அந்த இடத்திலேயே நின்றுவிடும். எங்கே நின்றது என்று வெளியே இருப்பவனுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள்.

தெரியவைக்க ஒரு வழி இருந்தது. கணினியின் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இல்லாத பக்கத்தைப் படிக்கப் போனால் இயக்குதளம் உடனே "அந்தப் பக்கம் இல்லை" என்று உங்கள் நிரலுக்கு அறிவிக்கும். இப்போது, நீங்கள் ஊகித்த பாஸ்வேர்டின் முதல் எழுத்தை ஒரு பக்கத்தின் கடைசி இடத்தில் வையுங்கள். இரண்டாம் எழுத்து விழ வேண்டிய அடுத்த பக்கத்தை இல்லாமல் செய்துவிடுங்கள். முதல் எழுத்து பிழை என்றால் ஒப்பிடுதல் அதோடு நிற்கும். மூன்று செக்கனில் 'தவறு' வரும். முதல் எழுத்து சரி என்றால்? இரண்டாவதைப் படிக்க அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கே பக்கம் இல்லை, அறிவிப்பு வரும். 'பக்கம் இல்லை' என்ற அந்த முறைப்பாடுதான் சைக்கிள் பூட்டின் 'டிக்'. அடுத்த தடவை எல்லாவற்றையும் ஓர் இடம் தள்ளி வைத்தால் இரண்டாம் எழுத்தும் அகப்படும்.

எழுத்துக்கு 128 சாத்தியம். சராசரியாக 64 தடவையில் ஒன்று பிடிபடும். எட்டு எழுத்துக்கு 512 தடவை. மூன்று செக்கன் காத்திருப்பையும் சேர்த்தால்கூட அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. இந்த ஓட்டை இல்லாமல் அதே வேகத்தில் ஊகித்திருந்தால் சராசரியாக 340 கோடி ஆண்டுகளுக்கு மேல். நான் முதன்முதலில் இதைப் படித்தபோது, படத்துக்கு வசனம் எழுதியவர்களைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கினேன்.

பழங்கதைதானே என்று விட்டுவிட முடியாது. உங்கள் வீட்டு வைஃபை ரவுட்டரைக் கையில் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒட்டியிருக்கும் லேபலில் வைஃபை பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கும். சிலவற்றில் டபிள்யூபிஎஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் எட்டு இலக்கப் 'பின்' (இரகசிய இலக்கம்) ஒன்றும் அச்சிட்டிருக்கும். பாஸ்வேர்ட் அடிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்காக 2007 வாக்கில் கொண்டுவந்த வசதி அது. எட்டு இலக்கத்தைக் கொடுத்தால் போதும், ரவுட்டரே உண்மையான பாஸ்வேர்டைக் கொடுத்துவிடும்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியம். கடைசி இலக்கம் முந்திய ஏழையும் சரிபார்க்கிற இலக்கம், கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். ஆகவே ஒரு கோடி. ஒரு தடவைக்கு மூன்று செக்கன் என்றால் முழுவதும் முடிய ஏறக்குறைய ஒரு வருடம். பக்கத்து வீட்டு வைஃபைக்காக யாரும் வருடக்கணக்கில் குந்தியிருக்கமாட்டார்கள்.

2011 டிசெம்பரில் ஸ்டெஃபான் வீபொக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட விஷயம் இந்தக் கணக்கைக் கவிழ்த்தது. ரவுட்டர் எட்டையும் ஒன்றாகச் சோதிப்பதில்லை. முதல் நாலு இலக்கத்தைச் சோதித்து, பிழை என்றால் அந்தக் கட்டத்திலேயே மறுத்துவிடும். சரி என்றால் அடுத்த பாதிக்குப் போகும். எந்தக் கட்டத்தில் மறுத்தது என்பது வெளியே இருப்பவனுக்குத் தெரியும். முதல் பாதிக்கு 10,000. இரண்டாம் பாதியில் சரிபார்ப்பு இலக்கத்தைக் கழித்தால் 1,000. கூட்டினால் 11,000. அதே மூன்று செக்கன் கணக்கில் ஒன்பது மணித்தியாலம் சொச்சம். இரவு படுக்கும்போது தொடங்கினால் காலையில் கையில் இருக்கும்.

டெனெக்ஸ் காலத்து ஓட்டை எல்லோருக்கும் பாடமான பிறகு, இருபது வருடத்துக்கு மேல் கழித்து, அதே பிழை கோடிக்கணக்கான வீடுகளுக்குப் போனது. எனக்கு இதில் கோபம் வருவது இன்றைக்கும் நின்றபாடில்லை. பிழைத்திருத்தமாகப் பல ரவுட்டர்களில் சில தடவை பிழைத்தால் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. பழைய ரவுட்டர் என்றால் அதை நம்ப வேண்டாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் டபிள்யூபிஎஸ்-ஐ நிறுத்திவிடுங்கள். வயர்லெஸ் என்ற பகுதிக்குள் இருக்கும். இன்னொரு சங்கதி: இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவதே குற்றம். எதையும் களவெடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை. பக்கத்து வீட்டு ரவுட்டரில் கைவைக்க ஆசைப்படுகிற மருமக்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இதே கசிவு இன்னும் நுட்பமான வடிவங்களிலும் வரும். நிரல் எழுதப் பழகுகிறவர்களிடம் இரண்டு சொற்களை ஒப்பிடச் சொன்னால், முதல் வித்தியாசத்தைக் கண்டதும் நிறுத்திவிடுவார்கள். வேகத்துக்கு அது நல்லது. ஆனால் முதல் எழுத்திலேயே பிழைத்தால் பதில் சற்று முந்தி வரும், ஐந்தாவதில் பிழைத்தால் சற்றுப் பிந்தும். வித்தியாசம் ஒரு செக்கனில் கோடியில் ஒரு பங்குபோல இருக்கலாம். ஆயிரக்கணக்கான தடவை அளந்து சராசரி எடுத்தால் அதுவும் துலங்கிவிடும். அதனால்தான் இரகசியங்களை ஒப்பிடும்போது, பிழை கண்டாலும் நிற்காமல் கடைசி எழுத்து வரைக்கும் போய்விட்டுப் பதில் சொல்கிற விதமாக எழுத வேண்டும். உயர்தரத்தில் பைதன் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த மொழியில் இதற்கென்றே ஒரு செயற்கூறு ஆயத்தமாக இருக்கிறது, சொந்தமாக எழுதத் தேவையில்லை.

நுட்பமே இல்லாத கசிவும் உண்டு. ஏதாவது இணையத்தளத்தில் வேண்டுமென்றே பிழையாக நுழைந்து பாருங்கள். "இந்தப் பெயரில் கணக்கு இல்லை" என்று ஒரு தளம் சொல்லும். "பெயர் அல்லது பாஸ்வேர்ட் பிழை" என்று இன்னொன்று சொல்லும். இரண்டாவது தளம் மொட்டையாகப் பேசுகிறதே என்று எரிச்சல் வரும், ஆனால் விஷயம் தெரிந்தவர் கட்டியது அதுதான். முதலாவது தளம், பெயர் சரியா இல்லையா என்பதை யார் கேட்டாலும் சொல்லிக் கொடுக்கிறது. பாதிப் பூட்டு திறந்த மாதிரி.

சரி, ஒழுங்கான பூட்டு எப்படி இருக்கும்? நல்ல தளம் உங்கள் பாஸ்வேர்டை எங்கேயும் எழுதி வைத்திருக்காது. நீங்கள் கொடுப்பதை ஒரு கணிதச் செயலுக்குள் போட்டு அரைத்து, வருகிற நீண்ட குறியீட்டை மட்டும் வைத்திருக்கும். அதற்கு ஹாஷ் என்று பெயர். அரைத்ததிலிருந்து பழையதைத் திருப்பி எடுக்க முடியாது. நீங்கள் மறுபடி வரும்போது, கொடுத்ததைத் திரும்பவும் அரைத்து, இரண்டு குறியீடும் ஒன்றா என்று பார்க்கும்.

ஹாஷின் அழகு எங்கே இருக்கிறது என்றால், 'தேனாடு1' என்று கொடுத்தால் ஒரு குறியீடு வரும். 'தேனாடு2' என்று கொடுத்தால் அதோடு எந்த ஒட்டுறவும் இல்லாத வேறொரு குறியீடு வரும். ஓர் இலக்கம்தான் மாறியது, ஆனால் விடை முழுக்க மாறிவிடும். அதாவது 'கிட்டத்தட்டச் சரி' என்ற நிலைமையே இந்தப் பூட்டுக்குக் கிடையாது. பத்தில் ஒன்பது எழுத்து சரியாக இருந்தாலும் ஒன்றுமே சரியில்லாததுபோலத்தான் முகம் காட்டும். படத்தில் வருகிற ஒளிரும் கட்டங்களுக்கு இங்கே இடமே இல்லை.

இதனோடு கொஞ்சம் உப்பும் சேர்ப்பார்கள். உண்மையாகவே சால்ட் என்றுதான் பெயர். ஒவ்வொருவரின் பாஸ்வேர்டோடும் வெவ்வேறு எழுத்துக்களைச் சேர்த்துவிட்டு அரைப்பது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு பேர் வைத்திருந்தாலும் குறியீடு இரண்டாக இருக்கும். 1979இல் ரொபர்ட் மொரிஸ், கென் தொம்சன் இருவரும் யுனிக்ஸ் இயக்குதளத்தின் பாஸ்வேர்ட் ஏற்பாட்டைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார்கள்.

அதே கட்டுரையில் அவர்கள் இன்னொரு வேலையும் செய்திருந்தார்கள். ஆட்கள் உண்மையில் என்ன பாஸ்வேர்ட் வைக்கிறார்கள் என்று 3,289 பாஸ்வேர்டுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே ஓர் எழுத்து வைத்தவர்கள் 15 பேர். இரண்டு எழுத்து 72. மூன்று எழுத்து 464. அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ இருக்கிற சொல்லை அப்படியே வைத்தவர்கள் 492. எல்லாம் சேர்த்து 86 வீதமானவை இலகுவாகப் பிடிபடுகிற வகை. கணினித் துறையிலேயே புழங்கியவர்களின் பாஸ்வேர்டுகள் இவை.

இந்த இடத்தில் 'வோர் கேம்ஸ்' படத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒளிரும் கட்டங்கள் கடைசியில் வருகிற கூத்து. அதற்கு முன்னால் படத்தில் இரண்டு இடங்களில் பாஸ்வேர்ட் போகிறது, இரண்டும் அசல். கதாநாயகப் பொடியன் பாடசாலைக் கணினிக்குள் நுழைந்து புள்ளிகளை மாற்றுவான். எப்படி? குழப்படி செய்து அலுவலகத்துக்கு அனுப்பப்படும்போது, அங்கே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கும் பாஸ்வேர்டைப் பார்த்துவிடுவான். அவ்வளவுதான். இராணுவக் கணினிக்குள் போவது அடுத்தது. அதை வடிவமைத்த விஞ்ஞானி யார், அவருடைய குடும்பம் என்ன என்று நூலகத்தில் தேடித் தேடி வாசித்து, இறந்துபோன மகனின் பெயரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருப்பார் என்று ஊகித்துப் போடுவான். திறந்துவிடும். நாற்பது வருடம் கழித்தும் இதில் திருத்த ஒன்றுமில்லை.

2003இல் வந்த 'த மேட்ரிக்ஸ் ரீலோடட்' படமும் ஒரு விதத்தில் நேர்மையானது. கதாநாயகி டிரினிட்டி மின்நிலையக் கணினிக்குள் நுழையும் காட்சியில் திரையில் ஓடுவது என்மேப் என்ற உண்மையான மென்பொருள். 1997 முதல் கணினிப் பாதுகாப்புக்காரர்கள் அன்றாடம் பாவிப்பது. அவள் யாருடைய பாஸ்வேர்டையும் ஊகிப்பதில்லை. 2001இல் தெரியவந்த ஓர் ஓட்டை வழியாகப் போய், நிர்வாகியின் பாஸ்வேர்டைத் தான் விரும்பியதாக மாற்றிவிடுகிறாள். பூட்டு நல்லதா என்ற கேள்வியே எழவில்லை, பக்கத்தில் யன்னல் திறந்து கிடந்தது.

எங்கள் ஊருக்கு வருவோம். பூட்டு ஒழுங்காக இருந்தும் பாதியை நாங்களே சொல்லிக் கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது: தேசிய அடையாள அட்டை. போட்டோகொப்பிக் கடையிலும் சிம் வாங்குகிற இடத்திலும் அதன் பிரதி எத்தனை போகிறது என்று யாரும் எண்ணுவதில்லை. புதிய அட்டையின் 12 இலக்கத்தில் முதல் நாலும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1992 என்று தொடங்கி 545 என்று போனால், பெண், வருடத்தின் 45ஆவது நாள், அதாவது பெப்ரவரி 14. பழைய ஒன்பது இலக்க அட்டையிலும் இதே முறைதான், வருடத்துக்கு இரண்டு இலக்கம் மட்டும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். அட்டை இலக்கம் தெரிந்தவனுக்குப் பிறந்த திகதி தெரியும். போனுக்கோ வங்கி அட்டைக்கோ பிறந்த வருடத்தைப் பின் இலக்கமாக வைத்திருந்தால் அது பின் இலக்கமே இல்லை. மறுவளமாக, பிறந்த திகதி தெரிந்தவனுக்கு 12 இலக்கத்தில் 7 கையில் வந்துவிடும். சில ஆவணங்களை அடையாள அட்டை இலக்கத்தால் பூட்டி மின்னஞ்சலில் அனுப்புகிற பழக்கம் இருக்கிறது. பார்ப்பதற்கு 12 இலக்கம், இலட்சம் கோடி சாத்தியம். பிறந்த நாளுக்கு முகநூலில் கேக் வெட்டிய படம் போட்டிருந்தால் மிச்சம் ஐந்து இலக்கம். ஆகக்கூடியது ஓர் இலட்சம் சோதனை. பூட்டிய கோப்பு ஒருவன் கையில் கிடைத்துவிட்டால் எத்தனை தடவை பிழைத்தாலும் அது தன்னைப் பூட்டிக்கொள்ளாது, தேத்தண்ணி ஆறுவதற்குள் திறந்துவிடலாம்.

ஆகவே பாஸ்வேர்ட் வைக்கும்போது நீளம் எவ்வளவு என்பதைவிட, அதில் எத்தனை எழுத்து என்னைத் தெரிந்தவனுக்கு முன்கூட்டியே தெரியும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. 'மீன்பாடும்தேன்நாடு' நீளமானதுதான், ஆனால் மட்டக்களப்பான் ஒருவனின் பாஸ்வேர்டை ஊகிக்கச் சொன்னால் முதலில் வருவதும் அதுதான். பிள்ளையின் பெயரும் வருடமும், கோயிலின் பெயரும் 123உம் அப்படியே. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கோத்தால், ஞாபகத்திலும் நிற்கும், பெருக்கல் கணக்கும் பெருக்கலாகவே இருக்கும். தளத்துக்கொன்று வேறு வேறாக வைக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்குப் பாஸ்வேர்ட் முகாமை மென்பொருட்கள் இருக்கின்றன. கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைத்தாலும் எல்லா இடத்துக்கும் ஒன்றையே வைப்பதைவிட மேல்.

கடைசியாக, போனுக்கு வருகிற ஆறு இலக்க ஓடிபி. பத்து இலட்சம் சாத்தியம், சில நிமிடத்தில் செத்துவிடும், சில தடவைக்கு மேல் பிழையாகப் போடவும் விடாது. ஊகித்துத் திறக்க வழியே இல்லை. அதனால் யாரும் ஊகிப்பதில்லை, கேட்டு வாங்குகிறார்கள். களுவாஞ்சிகுடியில் எனக்கு அன்ரி முறையான ஒருவருக்கு வந்தது இது: தெரிந்த பெண்ணின் வாட்ஸ்அப்பிலிருந்து, "அக்கா, பிழையாக உங்கட நம்பருக்கு ஒரு கோட் அனுப்பிட்டன், பார்த்து அனுப்புங்கோ." அந்தப் பெண்ணின் கணக்கு ஏற்கனவே களவுபோயிருந்தது. அடுத்த கணக்கைப் பிடிக்க அன்ரியின் இலக்கத்தைக் கொடுத்து வாட்ஸ்அப்பிடம் குறியீடு கேட்டிருக்கிறார்கள். பெயர், இலக்கம், யாரை நம்புவார் என்ற தகவல் எல்லாம் கையில். பூட்டில் மிச்சம் ஒரே ஒரு சில்லு, அதைத்தான் கேட்டார்கள்.

அன்ரி அனுப்பவில்லை. சந்தேகத்தில் அல்ல, கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டதால் மெசேஜை வாசிக்க முடியவில்லை. பின்னேரம் மகள் வந்து பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. எல்லோருக்கும் கண்ணாடி தொலையாது என்பதால், வாட்ஸ்அப்பில் அமைப்புகள், கணக்கு என்று போய், இரு படிச் சரிபார்ப்பு என்பதைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஓடிபி ஒருவன் கையில் கிடைத்தாலும், நீங்கள் வைத்த ஆறு இலக்கப் பின் இல்லாமல் புதிய போனில் உங்கள் கணக்கு ஏறாது. ஆறு இலக்கம் என்றதும் நாள், மாதம், வருடம் என்று பிறந்த திகதியைப் போடத்தான் கை போகும். அதைமட்டும் போடாதீர்கள், அது உங்கள் அடையாள அட்டையிலேயே இருக்கிறது.